முப்பது விநாடிக்குப் பிறகு

செல்லப்பாண்டி தம்முடைய நாற்பத்தோராவது வயதில், ஒரு முழு வாக்கியத்தை எங்கும் நிற்காமல் முதன்முறையாகச் சொல்லி முடித்தார். அது பொய் என்பது அந்த அறையில் அவர் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும்.

"சேவியர்தான் அலாரத்தை அணைக்கச் சொன்னார்."

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த டாக்டர் தமயந்தி, கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். எதிரே திரையில் ஒரு பச்சைக் கோடும் ஒரு நீலக் கோடும் தண்டவாளம் மாதிரி சேர்ந்தே ஓடியிருந்தன. தடங்கல் பூஜ்யம்.

"இன்னொரு வாட்டி சொல்லட்டுமா டாக்டரம்மா?"

அந்தக் கேள்வியும் திக்காமல் வந்தது. அதைக் கேட்டுச் செல்லப்பாண்டியே திடுக்கிட்டுப் போனார்.

"சொல்லுங்க. ஆசை தீரச் சொல்லுங்க."

பல்வலி நின்றுபோனவன் நாக்கால் அந்தப் பல்லையே தடவித் தடவிப் பார்ப்பது போல, அவர் அதே வாக்கியத்தை மறுபடி மறுபடி சொன்னார். ஏழாவது தடவை கண்ணில் நீர் நின்றது. தமயந்திக்கு அது சந்தோஷக் கண்ணீராகத்தான் பட்டது.

பதினொரு நாளைக்கு முன்னால், பாளையங்கோட்டையில் இருக்கும் இந்தப் பேச்சு ஆய்வகத்துக்கு அவர் முதன்முதலில் வந்தபோது, "உங்க பேரு?" என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து கோர்ட் உத்தரவை எடுத்து நீட்டினார். பெயர் அதில் இருந்தது.

"பேருதான் ரொம்பக் கஷ்டம், இல்லையா?" என்றாள் தமயந்தி. "மத்ததுக்கெல்லாம் சுத்தி வளைச்சு வேற வார்த்தை தேடிக்கலாம். நம்ம பேருக்கு வேற வார்த்தை கிடையாது."

இது எப்படி இந்தம்மாவுக்குத் தெரியும் என்பது மாதிரி அவர் பார்த்தார். தமயந்தி வலது காதை மூடியிருந்த முடியைச் சரிசெய்துகொண்டு, மேலே பேசினாள்.

"பள்ளிக்கூடத்துல எல்லாரும் சேர்ந்து வாய்ப்பாடு சொல்வீங்களே, அப்பத் திக்குமா?"

இல்லை என்று தலையசைத்தார்.

"தனியா எழுந்து நின்னு சொல்லச் சொன்னா?"

செல்லப்பாண்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அ... அதுக்குப் ப... பயந்துதான் அஞ்சாம் வகுப்போட நி... நின்னுட்டேன்."

"அதேதான். கூட ஒரு குரல் இருந்தா திக்காது. ஏன்னு முழுசா இன்னும் யாருக்கும் தெரியாது. ஆனா நடக்குது. அதனால உங்க காதுக்குப் பின்னால ஒரு சின்னக் கருவி வைக்கப் போறோம். உங்க குரல்லயே உங்களோட சேர்ந்து பேசும். வேற யாருக்கும் கேக்காது. இணைக்குரல்னு பேர் வெச்சிருக்கோம்."

அவர் யோசித்தார். ஐந்தாம் வகுப்போடு நின்றவர் கேட்ட கேள்வி, டில்லியிலிருந்து வந்த நிபுணர்கள்கூடக் கேட்காதது.

"நா... நான் என்ன சொல்லப் போறேன்னு அ... அதுக்கு எப்படித் தெரியும்?"

"பேசறதுங்கிறது நூறு தசை சேர்ந்து செய்யற வேலை. உதடு, நாக்கு, தாடை, தொண்டை. சத்தம் வர்றதுக்கு முன்னாடியே மூளை அதுங்களுக்கெல்லாம் உத்தரவு அனுப்பிடும். இதோ, இந்த வில்லையைத் தாடையிலும் தொண்டையிலும் ஒட்டினா, அது அந்த உத்தரவை ஒட்டுக் கேக்கும். முதல் துணுக்கைக் கேட்டதுமே முழு வார்த்தையை ஊகிச்சுடும்."

"ஊ... ஊகம் தப்பாப் போச்சுன்னா?"

"போகாது" என்றாள் தமயந்தி. அந்தப் பதில் அவள் நினைத்ததைவிட வேகமாக வந்து விழுந்தது.

வழக்கு இதுதான். தூத்துக்குடிக் கடற்கரையை ஒட்டிய ஒரு ஐஸ் பேக்டரியில் அம்மோனியா வாயு கசிந்து மூன்று பெண்கள் இறந்து போனார்கள். கசிவைக் கண்டுபிடித்து அலாரம் அலறத்தான் செய்தது. ஆனால் யாரோ அணைக்கச் சொல்ல, அணைத்துவிட்டார்கள். விடிந்தால் படகுகளுக்கு ஐஸ் போக வேண்டும், வேலை நிற்கக் கூடாது. ஷிப்ட் பதிவேட்டில் பொறுப்பாளர் என்று இருந்தது ஆபரேட்டர் சேவியரின் பெயர். மேனேஜர் மார்த்தாண்டன் தாம் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார். சேவியர் ஏழு மாதமாக ஜெயிலில்.

அலாரப் பலகைக்குப் பக்கத்தில் நின்ற ஒரே ஆள் உதவியாளர் செல்லப்பாண்டி. பொத்தானை அமுக்கிய கை அவருடையதுதான். அமுக்கச் சொன்ன வாய் யாருடையது என்பதில்தான் வழக்கே நின்றது. எழுத்தில் கொடுக்கலாம் என்றால், அவருக்குக் கையெழுத்துக்கு மேல் எழுத வராது. வேறு யாராவது எழுதினால் எதிர்த்தரப்பு விடாது. ஆகவே அரசு வழக்கறிஞர் மனுப் போட்டு, சாட்சி இணைக்குரலோடு பேச அனுமதி வாங்கியிருந்தார். கூடவே, போலீஸில் செல்லப்பாண்டி கொடுத்த வாக்குமூலத்தையும் தமயந்திக்கு அனுப்பினார். பயிற்சிக்கு உதவும் என்று.

தமயந்தி அதைத்தான் பாடமாக வைத்தாள். தினமும் இரண்டு மணி நேரம், வரிவரியாக. அவள் ஒவ்வொரு வரிக்கும் தடங்கலை எண்ணினாள், மூச்சை அளந்தாள், உதட்டின் இறுக்கத்தைக் குறித்தாள். வரி உண்மையா என்று மட்டும் கேட்கவில்லை. அது அவளுடைய வேலையில்லை.

ஒன்பதாவது நாள் பயிற்சி முடிந்து கருவியைக் கழற்றிய பிறகு, செல்லப்பாண்டி போகவில்லை. கதவருகே நின்றார். உதடுகள் ஒட்டிக்கொண்டன. கழுத்து நரம்பு புடைத்தது. சத்தமே வரவில்லை. திக்குவாயில் இது ஒரு வகை. எழுத்து திரும்பத் திரும்ப வராது, கதவு சாத்தின மாதிரி அப்படியே அடைத்துவிடும்.

தமயந்தி கடிகாரத்தைப் பார்த்தாள். "களைச்சுப் போயிருக்கீங்க. எதுவானாலும் நாளைக்குப் பார்த்துக்கலாம், சரியா?"

அவர் அவளையே பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

"செல்லப்பாண்டி இன்னிக்கு ஏதோ சொல்ல வந்தார். வரல" என்றாள் தமயந்தி அன்று சாயங்காலம்.

சமையலறையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அவள் கணவன் சிவநேசன் நிமிரவில்லை. "நன்றி சொல்ல வந்திருப்பார்."

"இருக்கும்."

சொன்ன பிறகுதான் யோசித்தாள். அந்த 'இருக்கும்' அவள் சொன்னதா, காதுக்குள் ஒலித்ததற்குப் பின்னால் போனதா?

இணைக்குரலின் முதல் பயனாளி தமயந்திதான். ஆறு வருடமாக அணிகிறாள். ஆய்வகத்தில் யாருக்கும் தெரியாது. காதை முடி மூடியிருக்கும், கழுத்து வில்லையைக் காலர் மறைத்திருக்கும். தூங்கும்போது மட்டும் கழற்றுவாள்.

கல்லூரி கேன்டீனில் அவள் "எனக்கு ஒரு த... த..." என்று திணறியபோது, "தயிர் சாதமா?" என்று முடித்து வைத்தவன்தான் சிவநேசன். அவளுக்கு வேண்டியிருந்தது தக்காளி சாதம். வரிசையில் பின்னால் ஆறு பேர் நின்றார்கள். தலையாட்டினாள், தயிர் சாதம் சாப்பிட்டாள். அதற்கப்புறம் அவன்தான் அவளுக்குப் பேசினான். கடைக்காரனிடம், பேராசிரியரிடம், அவள் அப்பாவிடம்கூட. அவன் ஊகம் பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். மீதி இரண்டுக்கும் அவள் தலையாட்டிவிடுவாள். அவள் படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்காமல்தான் அவன் இந்தக் கருவியைச் செய்தான். அதற்கு முதல் பாடமாகப் போட்டதே, அவளுக்காக அவன் செய்த ஊகங்களைத்தான்.

"வெள்ளிக்கிழமை ஒப்புதல் குழு" என்றான் சிவநேசன். "புதன்கிழமை கோர்ட்ல நம்ம ஆள் கடகடன்னு சாட்சி சொல்லிட்டார்னா, அதைவிட வேற என்ன சான்றிதழ் வேணும்? நாடு பூரா எத்தனை லட்சம் பேர் காத்துக்கிட்டிருக்காங்க, யோசிச்சுப் பாரு."

"கைகொடுத்தல் பத்திக் கேப்பாங்க."

பயனாளி ஒரு விநாடிக்கு மேல் அடைத்து நின்றால், கருவி காத்திருக்காது. தனக்குத் தெரிந்த வார்த்தையைத் தானே முதலில் சொல்லும், வாய் அதன் பின்னால் போகும். அதற்குச் சிவநேசன் வைத்த பெயர் கைகொடுத்தல்.

"கேக்கட்டுமே. நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு சரியா இருக்குன்னு கணக்கு இருக்கு."

"அந்தக் கணக்கை எப்படி எடுத்தோம்?"

"எப்படின்னா? 'இதைத்தானே சொல்ல வந்தீங்க'ன்னு ஒவ்வொருத்தரையும் கேட்டோம். தலையாட்டினாங்க. நீதானே கூட இருந்தே?"

"ஆமாம்" என்றாள் தமயந்தி. அதுவும் உடனே வந்தது.

புதன்கிழமை கோர்ட் ஹாலில் மின்விசிறி சத்தத்தைவிட ஜனங்களின் முணுமுணுப்பு அதிகமாக இருந்தது. இறந்துபோன பெண்களின் வீட்டார் இடப்பக்க பெஞ்சுகளில். கடைசி வரிசையில், தேய்த்த வெள்ளைச் சட்டையில் மேனேஜர் மார்த்தாண்டன், கால்மேல் கால். கூண்டில் சேவியர், வேஷ்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்திருந்தார்.

நீதிபதி ஐம்பது வயசுப் பெண்மணி. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிச் செல்லப்பாண்டியைப் பார்த்தார். "பயப்பட வேண்டாம். நிதானமாச் சொல்லுங்க."

நடப்பதையெல்லாம் எழுத்தாக்கும் இயந்திரம் நீதிபதியின் மேஜைக்குக் கீழே இருந்தது. பேசப் பேச, சுவரிலிருந்த பெரிய திரையில் வரிகள் ஏறும். தமயந்தி சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் பலகைக் கணினியை வைத்துக்கொண்டாள். பச்சைக் கோடு செல்லப்பாண்டியின் தசை. நீலக் கோடு கருவி. பச்சை முன்னால் போக வேண்டும், நீலம் மயிரிழை பின்னால் வர வேண்டும்.

அரசு வழக்கறிஞர் பொன்னம்பலம் ஆரம்பித்தார். பெயர், ஊர், எத்தனை வருட வேலை. எல்லாம் தண்ணீராக வந்தது. செல்லப்பாண்டி தம் பெயரைச் சொன்னபோது, அவரைத் தெரிந்த இரண்டு பேர் பெஞ்சில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அலாரம் அடிச்சப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"பலகைக்குப் பக்கத்துல நின்னேன்யா."

"அணைச்சது யாரு?"

"நான்தான்யா." குரல் இறங்கியது. "என் கைதான்."

"அணைக்கச் சொன்னது யாரு?"

தமயந்தியின் மடியில் பச்சைக் கோடு எழும்பியது. உதட்டுத் தசை. இரண்டு உதடும் இறுக மூடின. 'ப'வோ 'ம'வோ சொல்லப் போகிற வாய் அப்படித்தான் மூடும். கோடு உச்சிக்குப் போய் அங்கேயே நின்றது. அடைப்பு. அரை விநாடி, முக்கால், ஒன்று. நீலக் கோடு பாய்ந்தது.

"சேவியர்தான் அலாரத்தை அணைக்கச் சொன்னார்" என்றார் செல்லப்பாண்டி.

ஹாலில் ஒரு பெண் ஓவென்று அழுதாள். சேவியர் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தார். சுவர்த் திரையில் அந்த வரி ஏறி, முற்றுப்புள்ளியோடு நின்றது.

செல்லப்பாண்டி தம் வாயைத் தாமே தொட்டுப் பார்த்தார். அங்கே வேறு யாரோ குடியேறிவிட்ட மாதிரி. பிறகு தமயந்தியைப் பார்த்தார். ஒன்பதாவது நாள் கதவருகே நின்று பார்த்த அதே பார்வை.

சேவியர் என்ற பெயருக்கு உதடு மூட வேண்டியதில்லை.

தமயந்தி அந்தக் கோட்டைப் பின்னுக்கு நகர்த்தி மறுபடி பார்த்தாள். பயிற்சியில் அவர் இந்தப் பெயரில் ஒருநாளும் அடைத்து நின்றதில்லையே! வாக்குமூலத்தை அவள் வாசிக்க வாசிக்கத் திருப்பிச் சொன்னபோது பச்சையும் நீலமும் ஒன்றாக ஓடின. இன்றைக்குக் கேள்வி கேட்டதும் அவர் வாய் வேறு ஒரு பெயரை எடுக்கப் போயிருக்கிறது. கருவிக்கோ இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் தெரியும். நூற்று நாற்பது தடவை அவள் சொல்லிக் கொடுத்த பதில்.

"அவ்வளவுதான் மேடம்" என்று பொன்னம்பலம் திருப்தியாக உட்கார்ந்தார்.

சேவியருக்காக இலவச சட்ட உதவியில் வந்திருந்த இளம் வக்கீல் எழுந்தாள். பெரிய தயாரிப்பு இருப்பதாகத் தெரியவில்லை. "ஒரே கேள்விதான் மேடம். இது சாட்சி பேசுறதா, மெஷின் பேசுறதா?"

"நியாயமான கேள்வி." நீதிபதி தமயந்தி பக்கம் திரும்பினார். "டாக்டர், நீங்க சொல்லுங்க. அவர் சொல்ல வந்ததை இந்தக் கருவி மாத்திச் சொல்ல வாய்ப்பு இருக்கா?"

தமயந்தி எழுந்து நின்றாள். வாயைத் திறப்பதற்கு முன்பே, அவளுடைய குரலிலேயே, தெளிவாக, அழகாக, காதுக்குள் பதில் ஆரம்பித்துவிட்டது. 'வாய்ப்பே இல்லை மேடம். கருவி பேசுகிறவரின் சொல்லை மட்டுமே பின்பற்றும்.' நாற்பது கூட்டங்களில் அவள் சொன்ன வாக்கியம். நாக்கு அதன் பின்னால் போகத் தயாராக இருந்தது. இன்னும் ஒரு மூச்சு விட்டால் போதும், வாக்கியம் தானாக வந்து நின்றுவிடும். வெள்ளிக்கிழமை நல்லபடியாக முடியும். சிவநேசன் பத்து வருடம் உழைத்தது வீண் போகாது. லட்சம் பேருக்குப் பேச்சு வரும்.

அவள் பற்களைக் கடித்து வாயை மூடிக்கொண்டாள். முடிக்குள் கைவிட்டுக் காதுக்குப் பின்னாலிருந்ததைக் கழற்றினாள். காலருக்குள்ளிருந்து வில்லையைப் பிய்த்தாள். இரண்டையும் கணினியின் மேல் வைத்தாள்.

செல்லப்பாண்டியின் வாய் திறந்தபடி நின்றது.

"இ..." என்றாள் தமயந்தி. ஆறு வருடமாகக் கேட்காத தன் குரல், அவளுக்கே அந்நியமாக இருந்தது. "இ... இ... இருக்கு மேடம். இ... இப்ப மா... மாத்திடுச்சு. நா... நான் ப... பார்த்தேன்."

பொன்னம்பலம் துள்ளி எழுந்தார். "மேடம், டாக்டருக்கு உடம்பு சரியில்லை போல..."

"உட்காருங்க பொன்னம்பலம்." நீதிபதி கையை நீட்ட, தமயந்தி கணினியைக் கொடுத்தாள். விரலால் பச்சைக் கோட்டைக் காட்டினாள், பிறகு தன் உதட்டை மூடிக் காட்டினாள், பிறகு நீலத்தைக் காட்டினாள். நீதிபதி கோடுகளையே வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சாட்சியோட கருவியை எடுத்துடுங்க" என்றார். "மறுபடியும் கேக்கறேன். அலாரத்தை அணைக்கச் சொன்னது யாரு?"

செல்லப்பாண்டியின் உதடுகள் மூடின.

கழுத்து நரம்பு புடைத்தது. இமைகள் இறுகின. இடது கை தொடையைத் தட்டிக்கொண்டே இருந்தது. சத்தம் இல்லை. சுவர்த் திரையில் புதிதாக ஒரு வரி ஏறியது: 'சாட்சி பதில் அளிக்கவில்லை.'

"இது யார் போட்டது?" என்றார் நீதிபதி.

பெஞ்ச் கிளார்க் தயக்கத்தோடு எழுந்தார். "தானாப் போட்டுக்கும் மேடம். முப்பது செகண்ட் பேச்சில்லைன்னா பதில் இல்லைன்னு பதிவாகும். அப்படித்தான் அமைச்சிருக்காங்க."

"அழிங்க."

"மேடம்?"

"அவர் பதில் சொல்லிக்கிட்டுதானே இருக்கார்? உங்களுக்குத் தெரியலையா? அழிங்க."

கிளார்க் அழித்தார். முப்பது விநாடிக்குப் பிறகு வரி மறுபடி வந்தது. மறுபடி அழித்தார்.

பெஞ்சுகளில் ஜனம் நெளிந்தது. யாரோ இருமினார்கள். யாரோ, "பாவம்ப்பா, விடுங்களேன்" என்றார்கள். கிழவர் ஒருவர் தாங்க முடியாமல், "சேவியர்தானேவே? ஆமான்னு சொல்லிட்டு இறங்குமேன்!" என்று கத்தியேவிட்டார். நீதிபதி மேஜையைத் தட்டினார்.

தமயந்திக்கும் வாய் துறுதுறுத்தது. என்ன பெயர் என்று தெரியாது, ஆனாலும் எதையாவது எடுத்துக் கொடுத்து அந்த மனிதரை அந்த இடத்திலிருந்து மீட்டுவிட வேண்டும் போலிருந்தது. இத்தனை காலம் எல்லாரும் தனக்குச் செய்தது இதுதான் என்று அப்போது புரிந்தது. கெட்ட எண்ணத்தில் யாருமே செய்யவில்லை. பார்க்கச் சகிக்காமல் செய்தார்கள். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு, செல்லப்பாண்டியின் கண்ணையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

எட்டாவது தடவை கிளார்க் அழித்துவிட்டு விரலைப் பொத்தான் மேலேயே வைத்திருந்தபோது, உதடுகள் பிரிந்தன.

"மா... மா... மார்... மார்த்தாண்டன் சா... சார்."

கடைசி வரிசையில் கால்மேல் போட்டிருந்த கால் கீழே இறங்கியது.

செல்லப்பாண்டி நிறுத்தவில்லை. வழி திறந்துவிட்டது, குண்டும் குழியுமான வழிதான். "அன்னிக்கு அ... அவுக அங்கதான் நி... நின்னாவ. சேவியர் அண்ணன் பை... பைப்பைப் பார்க்கப் பி... பின்னால போயிருந்தாவ. அமுக்குலேன்னு சொ... சொன்னது மே... மேனேஜர். அமுக்குனது நா... நான்."

"பிறகு எதுக்குப் போலீஸ்ல சேவியர்னு சொன்னீங்க?" என்றார் நீதிபதி.

"நா... நான் சொ... சொல்லல." அவர் கண்களைத் துடைத்தார். "ஏட்டய்யா யாருன்னு கே... கேட்டாவ. எனக்கு அ... அடைச்சுக்கிட்டு. சீ... சீக்கிரம் சொல்லுலேன்னாவ. ஷிப்ட் நோட்டைப் பா... பார்த்து, சேவியரான்னு கே... கேட்டாவ. நா... நான்..."

இந்த இடத்தில் வார்த்தை நின்றுபோனது. செல்லப்பாண்டி வார்த்தையைத் தேடவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் செய்ததைச் செய்து காட்டினார். தலையை மேலும் கீழும் ஆட்டினார், ஒரே ஒரு தடவை.

"அந்த அ... அவஸ்தை முடிஞ்சா போ... போதும்னு இருந்துச்சும்மா."

கூண்டைத் திரும்பிப் பார்த்தார். சேவியர் நிமிர்ந்திருந்தார்.

"பே... பேக்டரியில எல்லாவனும் எம் பேச்சை மு... முடிச்சு வைப்பான். அண்ணன் ஒ... ஒருத்தருதான் பீ... பீடியைக் காதுல சொருகிக்கிட்டு, நா... நானா முடிக்கிற வரைக்கும் நி... நிப்பாவ."

சேவியர் கையைத் தூக்கிக் காதோரத்தைத் தொட்டுக் காட்டினார். பீடி இல்லை என்று.

நீதிபதி வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பினார். மார்த்தாண்டன் ஊரைவிட்டுப் போகக் கூடாது என்றார். சேவியருக்கு ஜாமீன். பொன்னம்பலம் பைலை அறைந்து மூடிக்கொண்டு, தமயந்தியின் பக்கம் திரும்பாமலே வெளியேறினார். வராந்தாவில் செல்லப்பாண்டி அவளுக்காகக் காத்திருந்தார். கருவியை ஒரு கைக்குட்டையில் பத்திரமாக மடித்து வைத்திருந்தார்.

"டாக்டரம்மா. நீ... நீங்களுமா?"

தமயந்தி தலையாட்டப் போனாள். ஆட்டவில்லை. "ஆ... ஆமா" என்றாள்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கும் வந்தது. இரண்டு பேரும் வக்கீல்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்கள்.

"இதை எ... என்ன செய்ய? பே... பேரு மட்டும் நல்லாச் சொல்லுது" என்றார், கைக்குட்டையை நீட்டி.

அவள் வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வரும் வரை சிவநேசன் பதினாறு தடவை போன் செய்திருந்தான். அவள் எடுக்கவில்லை. கதவைத் திறந்தபோது குக்கர் அடுப்பில் இருந்தது. அவன் சாப்பாட்டு மேஜையருகே நின்றிருந்தான். செய்தி எல்லாம் அவனுக்கு முன்பே வந்திருந்தது.

தமயந்தி இரண்டு கருவிகளையும் மேஜைமேல் வைத்தாள். செல்லப்பாண்டியினுடையது ஒன்று, தன்னுடையது ஒன்று.

அவன் அவள் கழுத்தைப் பார்த்தான். ஆறு வருடமாக வில்லை ஒட்டியிருந்த இடம் வட்டமாக வெளுத்திருந்தது. கோபம் இருந்தது அவன் முகத்தில், ஆனால் கோபத்தைவிட வேறு ஏதோ அதிகமாக இருந்தது.

"முன்னாடியே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?" என்றான். பிறகு அவனே, "எப்படிச் சொல்லுவே" என்றான். ஒரு நாற்காலியை இழுத்தான், உட்காரவில்லை. "சரி. வெள்ளிக்கிழமை குழுவுக்கு என்ன சொல்றது, தமயந்தி?"

அவளிடம் பதில் இருந்தது. பஸ்ஸில் வரும்போதே முழுசாக யோசித்து வைத்திருந்தாள். வாயைத் திறந்தாள்.

அடைத்துக்கொண்டது.

சிவநேசனின் முகம் சுருங்கியது. கல்லூரி கேன்டீனில் பார்த்த அதே முகம். அன்பும் அவசரமும் ஒன்றாகக் கலந்த முகம். "தள்ளி வைக்கச் சொல்லணுமா?"

நல்ல ஊகம். கிட்டத்தட்ட சரிதான். தலையாட்டினால் போதும், இந்த அவஸ்தை முடிந்துவிடும். ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் தூங்கலாம்.

தமயந்தி தலையாட்டவில்லை. இல்லை என்று மெல்ல அசைத்தாள்.

"அப்ப, மொத்தமாவே நிறுத்திடணுமா?"

இல்லை.

"கைகொடுத்தலை மட்டும்..." என்று ஆரம்பித்தவன், அவள் கண்ணைப் பார்த்தான். மேஜைமேல் கிடந்த கருவிகளைப் பார்த்தான். திறந்த வாயை மூடிக்கொண்டான்.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்தான். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டான், எங்கே வைப்பது என்று தெரியாதவன் மாதிரி.

குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. முப்பது விநாடி ஆகியிருக்கும். அதற்கு மேலும் ஆகியிருக்கும். நாலாவது விசிலும் அடித்தது.

இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.